வீடியோவை வைத்து மகனை மிரட்டுகிறார்கள்: பணம் கொடுப்பதா, போலீசுக்குப் போவதா?

கேள்வி:

என் மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். போன வாரம் இரவு ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால், மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். கேட்டுக் கேட்டு ஒருவழியாகச் சொன்னான். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பெயரில் ரிக்வெஸ்ட் வந்திருக்கிறது. ஒரு வாரம் பேசிவிட்டு வாட்ஸ்அப் நம்பர் வாங்கி வீடியோ காலில் வந்திருக்கிறார்கள். அந்தக் காலில் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. அதைப் பதிவு செய்து, "பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் ஃபிரெண்ட்ஸ் எல்லோருக்கும் அனுப்புவோம்" என்று மிரட்டுகிறார்கள். அம்மாவின் போனிலிருந்து ஜி பேயில் 2,000 அனுப்பியிருக்கிறான், அப்புறம் 3,500. இப்போது 15,000 கேட்கிறார்கள். ஆத்திரத்தில் அடித்துவிட்டேன். போனையும் பிடுங்கி வைத்துவிட்டேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். கேட்டதைக் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார் என் மச்சான். போலீசுக்குப் போனால் பிள்ளை பெயர் கெட்டுவிடும் என்று மனைவி பயப்படுகிறாள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே இதையெல்லாம் தடை செய்துவிட்டார்களாமே, நம் ஊரில் ஏன் செய்வதில்லை? 12 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்லலாமா?

– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். ஒன்று, இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இரண்டு, அடுத்த சில நாட்களுக்கு மகனை இரவில் தனியாகப் படுக்க விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்தது, அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்று நீங்கள் எழுதிய வரிதான்.

இந்த வகை மிரட்டலில் பிள்ளைகள் உயிரை விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2022 மார்ச் மாதம் 17 வயதுப் பையன் ஒருவன் இப்படி இறந்தான். பள்ளியில் எல்லோருக்கும் பிடித்த பையன், விளையாட்டு வீரன். பெண் பெயரில் வந்த முதல் மெசேஜுக்கும் அவன் முடிவுக்கும் நடுவில் ஆறு மணி நேரம்கூட இல்லை. மிரட்டியவர்கள் நைஜீரியாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பி இருவர். அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, 2024 செப்டம்பரில் ஆளுக்குப் பதினேழரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அந்தப் பையனுக்கு வீட்டில் யாரிடமும் சொல்ல நேரமோ தைரியமோ வரவில்லை. உங்கள் மகன் உங்களிடம் சொல்லிவிட்டான். ஆபத்தில் பெரும் பகுதி அங்கேயே குறைந்துவிட்டது. மீதியையும் குறைக்க உங்களால் முடியும்.

இன்றே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. கேட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். "ஆமாம்" என்று சொன்னாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அன்றைக்கே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுராத்திரி என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. அதில் அவனே நேரடியாகப் பேசலாம்.

அடித்ததைப் பற்றி. அந்த நேரத்தில் உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கும்பலின் கையில் இருக்கும் ஆயுதம் வீடியோ என்று நினைக்கிறீர்கள். அவர்கள் உண்மையில் நம்பியிருப்பது, "அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்" என்று பையன் மனதில் இருக்கும் பயத்தை. நீங்கள் அடித்தபோது அந்தப் பயம் சரிதான் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். நீளமாகப் பேச வேண்டாம். "அன்னைக்கு கை நீட்டுனது என் தப்பு. உன்னை ஏமாத்துனவன் மேலதான் எனக்குக் கோவம். எதுவா இருந்தாலும் சேர்ந்து பாத்துக்கலாம் கண்ணு." இவ்வளவு போதும். "இருந்தாலும் நீ எதுக்கு அந்த மாதிரி..." என்று இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். 16 வயது உடம்பின் ஆர்வத்தைக் குறிவைத்தே இந்தத் தொழில் நடக்கிறது. அதைப் பற்றி அவனோடு பேசத்தான் வேண்டும், ஆனால் அவன் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, வேறொரு நாளில்.

அந்தக் கும்பல் எப்படி வேலை செய்கிறது என்பதை அவனும் நீங்களும் சேர்ந்தே தெரிந்துகொள்ளுங்கள். "நான் மட்டும்தான் இவ்வளவு முட்டாள்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பையனுக்கு இது மருந்து மாதிரி வேலை செய்யும்.

உங்கள் மகனுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும் முன்பே அதே பள்ளியில் நாலைந்து பையன்களுக்கு அனுப்பியிருப்பார்கள். அதில் இருவர் ஏற்றுக்கொண்டால் போதும். இவன் போனில் அந்தப் பெயருக்குக் கீழே நண்பர்களின் பெயர்கள் தெரியும். நமக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த பெண்தான் என்று நம்பிவிடுவான். பேச்சு முதலில் சாதாரணமாக இருக்கும். எந்த ஸ்கூல், என்ன குரூப், சாப்பிட்டாயா. இதற்கெல்லாம் ஏற்கெனவே எழுதிவைத்த வசனங்கள் உண்டு. வீடியோ காலில் அவன் பார்த்த பெண் பெரும்பாலும் அந்த நேரத்தில் அங்கே இருந்தவளே இல்லை. எங்கிருந்தோ எடுத்த பழைய வீடியோவை ஓட்டிவிட்டு, மறுபக்கம் யாரோ ஓர் ஆண் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்துகொண்டிருப்பான்.

கால் முடிந்த சில நிமிடங்களில் ஒரு படம் வரும். ஒரு பக்கம் அவன் முகம், இன்னொரு பக்கம் அவனுடைய ஃபாலோயர் லிஸ்ட்: அத்தை மகன், டியூஷன் சார், வகுப்புத் தோழிகள். கீழே, "5 நிமிஷம் டைம்." யோசிக்க இடம் கொடுக்காமல் இருப்பதுதான் அவர்கள் முறை. தொகை பெரிதாக ஆரம்பிக்கும், பையன் கெஞ்சக் கெஞ்ச அவனால் முடிகிற அளவுக்கு இறங்கும். உங்கள் மகன் அனுப்பிய அந்த 2,000 அவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொன்னது: பையன் பயந்துவிட்டான், வீட்டில் ஒரு ஜி பே அவன் கைக்கு எட்டுகிறது, வீட்டுக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் 3,500. அதனால்தான் இப்போது 15,000. அதையும் கொடுத்தால் அடுத்த தொகையைக் கேட்பார்கள். உங்கள் மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் நடக்கலாம், இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் படம் வைத்த நம்பரிலிருந்து உங்களுக்கே கால் வரும். "சைபர் கிரைமிலிருந்து பேசுகிறேன், உங்கள் பையன் மேல் புகார் வந்திருக்கிறது, கைது செய்யாமல் இருக்க இவ்வளவு கட்டுங்கள்" என்பார். அல்லது, "வீடியோ யூடியூபில் ஏறிவிட்டது, நீக்க இவ்வளவு ஆகும்" என்பார். அதே கும்பலின் இன்னொரு ஆள்தான் அவர். எந்தக் காவல் துறை அதிகாரியும் போனில் பணம் கேட்க மாட்டார்.

சரி, செய்ய வேண்டியவை. பிடுங்கிய போனை எடுத்து, அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இன்ஸ்டா கணக்கை அழித்துவிடாதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். கோபத்தில் பலர் முதலில் செய்வது இதைத்தான், ஆதாரம் போய்விடும். அந்தப் போலிக் கணக்கின் பக்கம், அதன் லிங்க், பேசிய மெசேஜ்கள், வாட்ஸ்அப் நம்பர், பணம் போன யூபிஐ ஐடி, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அடையாளமாக உள்ள 12 இலக்க யூடிஆர் எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தக் கணக்கை இன்ஸ்டாவிலும் வாட்ஸ்அப்பிலும் ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்யுங்கள். அவர்களுக்குப் பதில் எழுத வேண்டாம். கெஞ்சலும் வேண்டாம், திட்டும் வேண்டாம். அவன் கணக்கு பிரைவேட்டில் இல்லையென்றால் பிரைவேட்டாக மாற்றுங்கள். தெரியாத ஃபாலோயர்களை எடுத்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்த வீடியோவோ படமோ மகன் போனில் வந்திருந்தால், ஆதாரத்துக்காக என்று அதை உங்கள் போனுக்கோ மச்சானுக்கோ வக்கீலுக்கோ ஃபார்வர்டு செய்யாதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் அப்படிப்பட்ட படத்தை இன்னொருவருக்கு அனுப்புவது, யார் அனுப்பினாலும், சட்டப்படி குற்றம். பகிரும் நோக்கத்தோடு சேமித்து வைத்திருப்பதும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவில் வரும்; உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. புகார் கொடுப்பதற்கும் நீதிமன்ற ஆதாரத்துக்கும் சட்டம் விலக்கு தருகிறது. அதனால் அது இருக்கும் போனிலேயே இருக்கட்டும், போலீசாரிடம் அந்தப் போனைக் காட்டுங்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

அப்புறம் 1930. பணம் போன கணக்கை முடக்குவதற்கான எண் இது. பணம் போன முதல் சில மணி நேரத்தில் கூப்பிட்டால் பலன் அதிகம். ஒரு வாரம் ஆன பிறகு அந்த 5,500 திரும்பும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். ஆனாலும் கூப்பிடுங்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் கமிஷனுக்காக யாரோ கொடுத்த வாடகைக் கணக்காக இருக்கும், அதில் உங்கள் மகனைப் போல வேறு பிள்ளைகளின் பணமும் விழுந்துகொண்டிருக்கும். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பணம் போயிருப்பதாலும், தொடர் விசாரணை வேண்டும் என்பதாலும், நீங்கள் பெயரோடு கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. அந்தப் புகார் எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள்.

உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன், அது அலட்சியம் செய்கிற விஷயம் இல்லை. போக்சோ என்றாலே பெண் பிள்ளைகளுக்கான சட்டம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2012இல் வந்த அந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான், பையன்களும் சேர்த்து. குழந்தையின் உடல் தெரியும் படத்தை, அது நிஜமோ போலியாக ஒட்டுப்போட்டதோ, காட்டி மிரட்டுவதை அதன் 11ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தல் என்றே சொல்கிறது. ஆபாசப் படத்துக்குக் குழந்தையைப் பயன்படுத்தினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 5 ஆண்டு. பணம் பறிப்பு தனி வழக்கு. சட்டத்தின் கண்ணில் உங்கள் மகன் பாதிக்கப்பட்டவன். அவன் பெயர், முகவரி, பள்ளி என எதையும் ஊடகம் வெளியிட முடியாது. வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கச் சொல்லிக் கேட்கலாம், வாங்க வருபவர் சீருடையில் வரக் கூடாது, பெற்றோர் உடன் இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். யாராவது முகம் சுளித்துப் பேசினால், இந்தப் பிரிவுகளைச் சொல்லி மேலதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

"அவர்கள் நிஜமாகவே அனுப்பிவிட்டால்?" நீங்கள் எழுதவில்லை, ஆனால் வீட்டில் மூன்று பேர் மனதிலும் ஓடுவது இதுதான். அனுப்பிவிட்டால் மிரட்ட அவர்களிடம் வேறு எதுவும் மிஞ்சாது. பணம் வராத இடத்தை விட்டுவிட்டு அடுத்த பையனிடம் போவது அவர்களுக்கு லாபம். அதனால் பல சமயம் அனுப்புவதில்லை. ஆனால் அனுப்பவே மாட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். பயமுறுத்துவதற்காக ஒருவர் இருவருக்கு அனுப்புவதுண்டு. அதற்கும் தயாராக இருங்கள். ஒரு மெசேஜை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "ஃபேக் ஐடியிலிருந்து மிரட்டிப் பணம் கேட்கிறார்கள். போலீசில் புகார் கொடுத்துவிட்டோம். ஏதாவது வந்தால் திறக்காமல், யாருக்கும் அனுப்பாமல், அந்த நம்பரை மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள்." அனுப்ப வேண்டி வந்தால் அதை நீங்கள் அனுப்ப வேண்டும், அவன் இல்லை. "என் பையனை ஒருத்தன் ஏமாத்தியிருக்கான்" என்று அப்பாவே சொல்லிவிட்ட பிறகு ஊர் பேசுவதற்கு அதிகம் இருக்காது.

படம் பரவாமல் தடுக்க ஒரு வழியும் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே எடுக்கப்பட்ட படங்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையை அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் தொடங்கியது. எந்த நாட்டுப் பிள்ளையும் பயன்படுத்தலாம், பெயர் தர வேண்டியதில்லை. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்ணை மட்டும் உருவாக்கி எடுத்துக்கொள்வார்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட சில தளங்களில் அதே படம் ஏற்றப்பட்டால் கண்டுபிடித்து நீக்க அது உதவும். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை அதனால் தடுக்க முடியாது. படம் உங்கள் மகன் கையில் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பதையும் கவனியுங்கள்.

பள்ளிக்குச் சொல்ல வேண்டுமா? இப்போதைக்கு எல்லோருக்கும் வேண்டாம். அவனுக்குப் பிடித்த ஒரே ஓர் ஆசிரியரிடம், அவன் சம்மதத்தோடு சொல்லி வையுங்கள். அதே பள்ளியில் வேறு பையன்களும் மாட்டியிருக்க வாய்ப்பிருக்கிறது.

இனி போன். பிடுங்கி வைத்ததை அவனிடம் திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கும். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு அடியும் போன் பறிப்பும் என்றால், அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். போலீஸ் வேலை முடிந்ததும் கொடுங்கள், ஆனால் சில மாற்றங்களோடு. முதலில் அவன் இன்ஸ்டா கணக்கில் என்ன பிறந்த வருடம் போட்டிருக்கிறான் என்று பாருங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்து, பதினொரு வயதிலேயே கணக்கு தொடங்கியவர்கள். 13 வயது வேண்டும் என்ற விதியைத் தாண்ட 1998, 2000 என்று எதையோ போட்டிருப்பார்கள். அதனால் இன்ஸ்டாவுக்கு அவர்கள் இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக இந்தியாவில் 2025 பிப்ரவரியில் வந்த 'டீன் அக்கவுண்ட்' பாதுகாப்பு எதுவும் அவர்களுக்குக் கிடைக்காது. சரியான தேதி இருந்தால் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, மெசேஜில் நிர்வாணப் படம் வந்தால் மங்கலாக்கிக் காட்டும், இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16 ஆகிவிட்டதால் இவற்றைத் தளர்த்த அவனுக்கு உங்கள் அனுமதி தேவையில்லை. அதனால் அதட்டி இதைச் சாதிக்க முடியாது, பேசி அவனே ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றபடி இரவில் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். உங்களுடையதும்தான்.

ஆஸ்திரேலியாவைக் கேட்டிருந்தீர்கள். 2025 டிசம்பர் 10 முதல் அங்கே 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. தடுக்கும் பொறுப்பு நிறுவனங்களுடையது. நிறுவனங்களைப் பொறுப்பாக்கியதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தாலும் 16 வயதான உங்கள் மகனைத் தொட்டிருக்காது. வீடியோ கால் நடந்த வாட்ஸ்அப் அந்தத் தடையில் வராது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன, முழுமையாக நடைமுறைக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க உங்களுக்கு நேரம் இல்லை.

கடைசியாக உங்கள் மகள். 12 வயது என்றால் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அண்ணனிடம் கேட்டுவிட்டு, அவன் சரி என்று சொல்கிற அளவுக்குச் சொல்லுங்கள். வீடியோவில் என்ன இருந்தது என்ற விவரம் அவளுக்கு வேண்டாம். யாரோ ஏமாற்றி அண்ணனை மிரட்டினார்கள், அவன் அப்பாவிடம் சொன்னான், அப்பா போலீசில் சொன்னார் என்பது போதும். இப்போதே வேண்டாம் என்று அவன் சொன்னால், ஒரு மாதம் கழித்து அவனே அவளிடம் சொல்லட்டும். அவள் கேட்கப்போகிற முதல் கேள்வி, "அப்பா திட்டினாரா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அவன் என்ன பதில் சொல்வான் என்பது இந்த வாரம் நீங்கள் நடந்துகொள்வதைப் பொறுத்தது.